பிஸ்கட்டுக்குள் பூரணம்!

பிஸ்கட் என்றால் கடித்தவுடன் 'நறுக்'கென்று உடைய வேண்டும். நம் வீடுகளில் நெடுநாளாக இருந்து வரும் அபிப்பிராயம் இது. நமுத்துப் போன பிஸ்கட்டைக் காப்பியுடன் கொண்டு வந்து வைத்துவிட்டால், வந்த விருந்தாளி வாயால் ஒன்றும் சொல்ல மாட்டார்; ஆனால் வீடு திரும்பியதும் சொல்லாமல் இருக்க மாட்டார்!

இப்பொழுது குழந்தைகள் கேட்கும் பிஸ்கட்டோ இதற்கு நேர்மாறானது. ஓரம் சற்று மொறுமொறுவென்றும், நடுப்பாகம் மெத்தென்றும், மென்றால் கொஞ்சம் இழுபடும்படியும் இருக்க வேண்டுமாம். போதாததற்கு, உள்ளே வேறு ஏதாவது இனிப்பு ஒளிந்திருக்க வேண்டுமாம்! 'குக்கி' என்று இதற்குப் பெயர். கடைக் கண்ணாடிப் பெட்டியில் உள்ளங்கை அகலத்துக்கு உட்கார்ந்திருக்கும் அதன் விலையைக் கேட்டால், "இந்தப் பணத்தில் ஒரு கிலோ மைதாவும் வெல்லமும் வாங்கிவிடலாமே!" என்று குடும்பத் தலைவியின் மனசு உடனே கணக்குப் போடும்.

அந்தக் கணக்கு நியாயமானதுதான். ஆனால் வீட்டில் செய்யும்போது நல்ல வெண்ணெய் கால் பாக்கெட் உருகித் தட்டில் குளமாக ஓடிவிட்டால், சிக்கனம் எங்கே? ஆகவே, நம் ஊர்ச் சீதோஷ்ணத்தில், நம் கடைவீதிச் சாமானைக் கொண்டு, வீணாக்காமல் இதைச் செய்வது எப்படி என்று பார்ப்போம்.

நமக்குப் புதிதல்ல!

பூரணத்தை உள்ளே வைத்து மாவால் மூடுவது நமக்கு யார் சொல்லிக் கொடுக்க வேண்டும்? கொழுக்கட்டை, சுழியன், போளி, சோமாசி எல்லாம் அந்த வம்சந்தானே? பேக்கரிக்குப் போனால் தேங்காய்ப் பூரணம் அடைத்த பன்னும் தில்பசந்தும் இருக்கின்றன. அரபு நாடுகளில் ரவை மாவுக்குள் பேரீச்சம்பழ விழுதை வைத்து 'மாமூல்' என்ற பட்சணம் செய்கிறார்கள். லெபனானிலும் சிரியாவிலும் முஸ்லிம்கள் ஈத் பெருநாளுக்கும், கிறிஸ்தவர்கள் ஈஸ்டருக்கும் அதையே செய்கிறார்கள். அமெரிக்காவில் 1891-ல் அத்திப்பழ விழுதை மாவுக்குள் வைத்துச் சுட்ட பிஸ்கட் ஒன்று யந்திரத்தில் தயாராக ஆரம்பித்தது. மாஸசூஸெட்ஸ் மாகாணத்திலுள்ள நியூட்டன் என்ற ஊரின் பெயரையே அதற்கு வைத்தார்கள்.

இன்று உலகமெங்கும் பரவியிருக்கும் சாக்லேட் துண்டு போட்ட குக்கிக்கு ஆதிகர்த்தா ஒரு பெண்மணி. அதே மாஸசூஸெட்ஸில் விட்மன் என்ற ஊரில் 'டோல் ஹவுஸ்' என்ற விடுதியை நடத்தி வந்த ரூத் வேக்ஃபீல்ட் அம்மாள்தான் அவர். தற்செயலாகக் கைதவறிச் சாக்லேட்டைப் போட்டுவிட்டதாக ஒரு கதை உலாவுகிறது. அந்த அம்மாளோ மனையியல் படித்துத் தேறியவர். சமையல் புத்தகம் எழுதியவர். 1938-ல் வெளிவந்த அவருடைய புத்தகத்தில் இந்தப் பக்குவம் இடம் பெற்றது.

அதே 1938-ஆம் வருஷம் டிசம்பரில், நம் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் உலகின் பல நாட்டுக் கிறிஸ்தவப் பிரதிநிதிகள் கூடி மாநாடு நடத்தினார்கள். கல்லூரி அங்கே குடிவந்து அப்போது இரண்டு வருஷங்கூட ஆகியிருக்கவில்லை. கடற்கரை ஸ்டேஷனிலிருந்து மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ல். அந்த நாளில் மரமும் புதருமாக இருந்த தாம்பரம், 2021-ல் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் எல்லாவற்றையும் சேர்த்துக் கொண்டு மாநகராட்சியாகிவிட்டது. அமெரிக்கக் குக்கி நம் சேலையூருக்கும் குரோம்பேட்டைக்கும் வந்து சேர்ந்ததில் ஆச்சரியம் என்ன?

மெத்தென்று இருப்பதன் ரகசியம்

கொழுக்கட்டைக்கும் இதற்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. கொழுக்கட்டைச் சொப்பு ஆவியில் வேகும்போது உருவம் மாறுவதில்லை. இந்த மாவிலோ வெண்ணெயும் சர்க்கரையும் அதிகம். சூடு பட்டதும் முதலில் இளகி ஓடப் பார்க்கும். அதற்குப் பிறகே மாவு வெந்து கெட்டிப்படும். ஓடுவதற்கு முன் கெட்டிப்பட்டுவிட்டால் நீங்கள் ஜெயித்தீர்கள். கெட்டிப்படுவதற்கு முன் ஓடிவிட்டால் தட்டு ஜெயித்தது!

இந்தப் பந்தயத்தில் நமக்குத் துணை நிற்பவை மூன்று.

முதலாவது, நாட்டுச் சர்க்கரை. மேல்நாட்டார் இதற்குப் பழுப்புச் சர்க்கரை போடுகிறார்கள். அதில் ஒட்டியிருக்கும் கருப்பஞ்சாற்றுப் பாகு ஈரத்தைப் பிடித்து வைத்துக் கொள்ளும். நம் நாட்டுச் சர்க்கரையிலும் அந்தப் பாகு இருக்கிறது. வெள்ளைச் சர்க்கரை மட்டும் போட்டால் பிஸ்கட் பரந்து மொறுமொறுவென்றாகும். நாட்டுச் சர்க்கரை கலந்தால் ஈரம் தங்கி மெத்தென்றிருக்கும். அதிலுள்ள லேசான புளிப்புடன் சோடா சேர்ந்து மாவைக் கொஞ்சம் உப்பவும் வைக்கும்.

இரண்டாவது, வெண்ணெயின் குளிர்ச்சி. வெண்ணெய் சுமார் 32 முதல் 35 டிகிரி சென்டிகிரேடில் உருகிவிடும். சித்திரை, வைகாசியில் நம் சமையலறைச் சூடே அதைத் தாண்டிவிடுகிறது. ஓவனுக்குள் போகுமுன்பே வெண்ணெய் உருகினால் என்ன மிஞ்சும்? ஆகையால், மாவு உருண்டை குளிர்ந்து இறுகியிருப்பது அவசியம்.

மூன்றாவது, பொறுமை. நடுப்பாகம் இன்னும் கொஞ்சம் வேக வேண்டும் போலத் தோன்றும்போதே ஓவனிலிருந்து எடுத்துவிட வேண்டும். எடுத்த பிறகும் தட்டின் சூட்டில் பக்குவம் நடந்து கொண்டேதான் இருக்கும். "இன்னும் இரண்டு நிமிஷம் இருக்கட்டுமே" என்று விட்டால், ஆறியதும் அது கல்லாகிவிடும்.

வெண்ணெய்க்குப் பதில் நெய் போடலாமா என்று சிலர் கேட்பார்கள். நெய்யில் தண்ணீர் கிடையாது. அதைப் போட்டால் நான்கட்டாய் மாதிரி வாயில் கரையும் பிஸ்கட் கிடைக்கும். அதுவும் ருசிதான்; ஆனால் மெல்ல இழுபடாது. வனஸ்பதியோ உருவத்தைக் காப்பாற்றும், வாசனைக்கு உதவாது. வீட்டில் கடைந்த வெண்ணெயானால் நன்றாகக் கழுவி, தண்ணீரைப் பிழிந்து வடித்து உபயோகியுங்கள்.

வேண்டிய சாமான்கள்

மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலைக்கு ஒரு பை எடுத்துக் கொண்டு போனால் இதில் பெரும்பாலானவற்றை வாங்கி வந்துவிடலாம். கீழ்க்கண்ட அளவுக்குப் பன்னிரண்டு குக்கிகள் வரும்.

மைதா – 200 கிராம்
உப்பில்லாத வெண்ணெய் – 120 கிராம்
நாட்டுச் சர்க்கரை – 110 கிராம்
வெள்ளைச் சர்க்கரை, பொடித்தது – 50 கிராம்
முட்டை – 1
சமையல் சோடா – அரை டீஸ்பூன்
உப்பு – இரண்டு சிட்டிகை
வெனிலா எஸன்ஸ் – 1 டீஸ்பூன்

முட்டை சேர்க்காத வீடுகளில், துணியில் கட்டித் தண்ணீர் வடித்த கெட்டித் தயிர் மூன்று மேஜைக் கரண்டி சேர்க்கலாம். முட்டை போட்டதைப் போல அவ்வளவு இழுபடாது, மற்றபடி குறையில்லை.

அளவு விஷயத்தில் கண் திட்டம் வேண்டாம். அமுக்கி அளந்த ஒரு கிண்ணம் மைதாவுக்கும், தளர அளந்த ஒரு கிண்ணத்துக்கும் நிறைய வித்தியாசம் உண்டு. ஒரு சிறு தராசு வாங்கி வைத்துக் கொண்டால் ஆயுளுக்கும் உதவும்.

பூரணம் மூன்று விதம்

*பேரீச்சம்பழப் பூரணம்:* கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் 100 கிராமைப் பொடியாக நறுக்கி, இரண்டு மேஜைக் கரண்டி தண்ணீர் விட்டு, சிறு தீயில் குழைய வேக விடுங்கள். ஒரு டீஸ்பூன் நெய்யும் கொஞ்சம் ஏலப்பொடியும் சேர்த்துச் சுருளக் கிளறி, வறுத்து உடைத்த முந்திரிப் பருப்பு 25 கிராமைக் கலந்து இறக்குங்கள். முதல் தடவை செய்கிறவர்களுக்கு இதுவே உத்தமம். இது உருகி ஓடாது. சீக்கிரம் கெடவும் கெடாது.

*தேங்காய்ப் பூரணம்:* வெல்லம் 60 கிராமைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, தேங்காய்த் துருவல் 80 கிராம் சேர்த்துக் கிளறுங்கள். கொழுக்கட்டைக்கு எடுப்பதைவிட ஒரு படி அதிகமாகவே வற்ற வேண்டும். ஈரம் மிஞ்சினால் ஆவி கிளம்பி மேல் மாவைப் பிளந்துவிடும்.

*சாக்லேட் பூரணம்:* குழந்தைகளின் ஓட்டு இதற்குத்தான்! சமையல் சாக்லேட் 100 கிராமைச் சீவி, 40 மில்லி பாலேட்டைச் சூடாக்கி அதன்மேல் ஊற்றி, கட்டியில்லாமல் கலக்கிக் குளிர வையுங்கள்.

எந்தப் பூரணமானாலும், பன்னிரண்டு கோலி உருண்டைகளாக உருட்டி, ஃப்ரிட்ஜின் மேல்தட்டில், ஐஸ் உறையும் பகுதியில் ஒரு மணி நேரம் வைத்துவிடுங்கள். கல் மாதிரி இறுகிய பூரணம்தான் மாவு வேகும்வரை தன் இடத்தில் அடங்கி உட்காரும்.

செய்முறை

1. வெண்ணெயை வெளியே எடுத்து வையுங்கள். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும். பளபளவென்று எண்ணெய் கசியக்கூடாது. மார்கழியில் இதற்கு அரை மணி ஆகும். அக்கினி நட்சத்திரத்தில் பத்து நிமிஷமே தாராளம்.

2. நாட்டுச் சர்க்கரையைச் சலித்துக் கட்டிகளை நீக்குங்கள். வெண்ணெயுடன் இரண்டு சர்க்கரையையும் சேர்த்து இரண்டு மூன்று நிமிஷம் குழையுங்கள். கேக்குக்கு அடிப்பது போல நுரைக்க அடிக்க வேண்டாம். காற்று அதிகம் புகுந்தால் குக்கி கேக்காகிவிடும்.

3. முட்டையையும் எஸன்ஸையும் சேர்த்துக் கலக்குங்கள். மைதா, சோடா, உப்பு மூன்றையும் சேர்த்துச் சலித்துக் கொட்டி, உலர்ந்த மாவு தெரியாமல் மறையும் வரை மட்டும் கரண்டியால் கிளறுங்கள். சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்தால் கடினமாகிவிடும்.

4. மூடி அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, பிறகு பன்னிரண்டு பாகமாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றும் சுமார் 44 கிராம் இருக்கும்.

5. ஒரு பாகத்தை உள்ளங்கையில் வடை மாதிரி தட்டுங்கள். நடுவில் கனமாகவும் ஓரத்தில் மெல்லியதாகவும் இருக்கட்டும். ஓரங்களை மேலே கூட்டும்போது அவை ஒன்றின் மேல் ஒன்று சேர்ந்து தாமே கனமாகிவிடும். பூரணத்தை நடுவில் வைத்து, இடைவெளி இல்லாமல் மூடி, விரிசல் தெரியாமல் உருட்டுங்கள். பிள்ளையார் சதுர்த்திக்குப் பழகிய கைகளுக்கு இது ஒரு பிரமாதமா?

6. உருட்டியவற்றை மறுபடியும் முக்கால் மணி நேரம் குளிர வையுங்கள். இந்தக் கட்டத்தை அவசரப்பட்டுத் தாண்டிவிடாதீர்கள். சென்னையில் செய்யும் குக்கிகள் தட்டையாய்ப் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

7. ஓவனை 180 டிகிரிக்குச் சூடாக்குங்கள். தட்டில் வெண்ணெய்க் காகிதம் விரித்து, மூட்டிய பக்கம் அடியில் இருக்கும்படி, இரண்டு அங்குல இடைவெளி விட்டு ஆறு உருண்டைகளை வையுங்கள். அமுக்க வேண்டாம், தானே இறங்கும். மற்ற ஆறும் தங்கள் முறை வரும்வரை ஃப்ரிட்ஜிலேயே இருக்கட்டும்.

8. பதின்மூன்று முதல் பதினைந்து நிமிஷம். ஓரம் பொன்னிறமாகி, மேலே ஈரப் பளபளப்பு மறைந்து, நடுவில் தொட்டால் மெத்தென்று இருந்தால் பதம் சரி. வெளியே எடுத்து, தட்டிலேயே பத்து நிமிஷம் விட்டுவிடுங்கள். சுடச்சுட எடுத்தால் அடி பிய்ந்து பூரணம் கையோடு வரும்.

மின்சாரச் செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். 1500 வாட் ஓவன் ஒரு மணி நேரம் இடைவிடாமல் எரிந்தாலே ஒன்றரை யூனிட்தான். சூடு ஏறியதும் அது தானே நின்று நின்று எரிவதால் அவ்வளவுகூட ஆகாது.

ஓவன் இல்லாவிட்டால்?

அடி கனமான பெரிய பாத்திரம் ஒன்று போதும். பழைய சாமான்களுக்குப் பேர் போன பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் தேடினால்கூட அகப்படலாம். அடியில் கல்லுப்பை ஒரு அங்குல உயரத்துக்குப் பரப்பி, மேலே ஒரு வளையம் வைத்து, மூடிப் பத்து நிமிஷம் மிதமான தீயில் காய வையுங்கள். பிறகு சிறு தட்டில் மூன்று நான்கு உருண்டைகளை வைத்து உள்ளே இறக்கி மூடி, தீயைக் குறைத்துப் பதினெட்டு முதல் இருபது நிமிஷம் விடுங்கள். மேற்பக்கம் சிவக்காது, ருசியில் பழுதில்லை. மழைக்காலத்தில் கரண்டு போனாலும் காரியம் நிற்காது. பிரஷர் குக்கரைத் தண்ணீரில்லாமல் இதற்கு உபயோகிக்க வேண்டாம். ரப்பர் வளையமும் வால்வும் பாழாகும்.

என்ன ஆயிற்று, ஏன்?

*தட்டையாகப் பரந்துவிட்டதா?* உருண்டை குளிரவில்லை. அல்லது ஓவன் போதுமான சூடு ஏறவில்லை.

*பூரணம் வெளியே எட்டிப் பார்க்கிறதா?* மூட்டிய இடத்தில் விரிசல். அல்லது பூரணத்தில் ஈரம் அதிகம்.

*ஆறியதும் கெட்டியாகிவிட்டதா?* இரண்டு நிமிஷம் அதிகம் வெந்துவிட்டது. அடுத்த தட்டை முன்னதாக எடுங்கள்.

*கேக் மாதிரி ஆகிவிட்டதா?* மாவு கூடிவிட்டது. அல்லது வெண்ணெயை அதிகம் அடித்துவிட்டீர்கள்.

பத்திரப்படுத்துவது

குளிர் தேசங்களில் மெத்தென்ற குக்கி மறுநாளே உலர்ந்துவிடுமோ என்று கவலைப்படுவார்கள். நமக்கு அந்தக் கவலை குறைவு. கடற்காற்றின் ஈரம் உலர விடாது. நம் கவலை பூஞ்சைக்காளானைப் பற்றியது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கேட்கவே வேண்டாம். நன்றாக ஆறிய பிறகே டப்பாவில் போட்டு மூட வேண்டும். சூட்டோடு மூடினால் மூடியில் வேர்க்கும். பேரீச்சம்பழம் வைத்தது வெளியே மூன்று நாள் இருக்கும். தேங்காயும் பாலேடும் சேர்ந்தவற்றை அன்றைக்கே சாப்பிட்டுவிட்டு, மீந்ததை ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளைக்குள் தீர்த்துவிடுங்கள்.

இதைவிட நல்ல யோசனை ஒன்று உண்டு. பன்னிரண்டையும் ஒரே நாளில் சுடாதீர்கள். உருட்டிய உருண்டைகளைக் காற்றுப் புகாத டப்பாவில் ஐஸ் பகுதியில் வைத்தால் ஒரு மாதம்வரை இருக்கும். வேண்டும்போது நாலை மட்டும் எடுத்து அப்படியே சுடலாம். இரண்டு நிமிஷம் அதிகம் பிடிக்கும், அவ்வளவுதான். "இதோ தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கிவிட்டோம்" என்று விருந்தாளியிடமிருந்து டெலிபோன் வந்த பிறகு ஓவனை மூட்டினாலும் போதும்!

மூன்று எச்சரிக்கைகள்

பச்சை மாவைக் குழந்தைகள் வழித்து நக்க வருவார்கள். கொடுக்காதீர்கள். பச்சை முட்டையில் மட்டுமல்ல, வேகாத மைதாவிலும் வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் இருக்கலாம்.

மேலே தொட்டால் ஆறிவிட்டது போலிருக்கும்; உள்ளே சாக்லேட்டும் வெல்லமும் கொதித்துக் கொண்டிருக்கும். இளங்குழந்தைகளுக்கு, கால் மணி நேரம் ஆறிய பிறகு, இரண்டாகப் பிட்டுப் பார்த்துக் கொடுங்கள்.

மூன்றாவது, கொஞ்சம் கசப்பான விஷயம். தேங்காய்ப் பூரணக் குக்கி ஒன்றில் மேல்மாவுச் சர்க்கரை 13 கிராம், பூரணத்து வெல்லம் 5 கிராம், ஆக 18 கிராம் இனிப்பு இருக்கிறது. வெண்ணெய் 10 கிராம். நாளொன்றுக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு இப்படிச் சேர்க்கும் சர்க்கரை 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது 2015-ல் உலக சுகாதார ஸ்தாபனம் சொன்ன கணக்கு. காப்பியில் போடுவதும் இதில் சேர்த்திதான். "நாட்டுச் சர்க்கரைதானே, ஒன்றும் செய்யாது" என்று நீரிழிவுக்காரர்கள் ஏமாறக்கூடாது. அதன் நிறந்தான் வேறு. உடம்புக்குள் போனால் அதுவும் சர்க்கரையே. ஆகவே, ஆளுக்கு ஒன்று; தாத்தாவுக்குப் பாதி. அவர் கோபித்துக் கொண்டால் பேரனோடு பங்கு போட்டுக் கொள்ளட்டும்!

கைத்தொழிலாகவும் செய்யலாம்

கை பழகிவிட்டால் அக்கம்பக்கத்தாரே "எங்களுக்கும் ஒரு டஜன் செய்து கொடுங்களேன்" என்று வருவார்கள். பெருங்களத்தூர், மாடம்பாக்கம், மேடவாக்கம் பக்கத்து அடுக்குமாடி வீடுகளில் பிறந்த நாள் விழாக்களுக்கு என்ன குறைச்சல்? ஆனால் பணம் வாங்கிக் கொண்டு விற்பதென்றால் சட்டம் குறுக்கே வருகிறது. 2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, வீட்டுச் சமையலறையில் செய்து விற்கிறவரும் பதிவு செய்து கொள்ள வேண்டும். முட்டை சேர்த்த பண்டத்துக்குச் சைவ அடையாளமான பச்சைப் புள்ளி போடக்கூடாது. முந்திரி, வேர்க்கடலை, பால், கோதுமை இவற்றில் எது சேர்ந்திருந்தாலும் வாங்குகிறவருக்குச் சொல்லிவிடுங்கள். சிலர் உடம்புக்கு முந்திரித் தூள் பட்டாலே ஆபத்தாகிவிடும். முட்டை போட்டதையும் போடாததையும் தனித்தனித் தட்டில் சுடுவது மரியாதை மட்டுமல்ல, நாணயமுங்கூட.

விலை போடும்போது வெண்ணெயையும் பூரணத்தையும் மட்டும் கணக்கிட்டு நின்றுவிடாதீர்கள். மின்சாரம், காகிதம், டப்பா, உடைந்து போன ஒன்றிரண்டு இவற்றோடு, நின்றுகொண்டு உழைத்த உங்கள் இரண்டு மணி நேரத்துக்கும் ஒரு விலை உண்டு. பெண்கள் போடும் கணக்கில் முதலில் விட்டுப் போவது அந்தக் கடைசி அயிட்டந்தான்!

முதல் தடவை நாலே நாலு உருண்டையைச் சுட்டுப் பாருங்கள். ஒவ்வொரு ஓவனுக்கும் ஒரு குணம். பதின்மூன்றா, பதினைந்தா என்பது அதில் தெரிந்துவிடும். அந்த நிமிஷத்தைக் காலண்டர் ஓரத்தில் குறித்து வைத்துக் கொண்டு, மீதி எட்டையும் நிம்மதியாகச் சுடுங்கள்.